திருச்சியிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் காரில்: எங்கே நிறுத்துவது, எந்த வேளையில், எவ்வளவு நேரம்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி, ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரத்துக்குச் சுமார் 230 கிலோமீட்டர். காலை டிபனை முடித்துக்கொண்டு கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் தீவைத் தொட்டுவிடலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போகிறார்கள். வழியில் ஒரு டீ, ஒரு பெட்ரோல் பங்க், அவ்வளவோடு முடிந்துவிடுகிறது.

இந்தச் சாலையின் இரு பக்கமும் சிறிது தூரத்துக்குள் தமிழ் பிராமி கல்வெட்டு இருக்கிறது, ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம் இருக்கிறது, ராமநாதபுரம் அரசரான சேதுபதி கட்டிய கோட்டை இருக்கிறது, கையால் ஓடு வார்க்கும் கிராமம் இருக்கிறது. இதே தூரத்துக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. சரியான வேளையில் நின்றால் ஊர் சேர்வதற்கு முன்பே சுற்றுலா தொடங்கிவிடும். அதை எப்படித் திட்டமிடுவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மாதமும் கிழமையும்

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை மிக நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. ராமேஸ்வரம் பக்கம் புயல் எச்சரிக்கை வந்தால் திட்டம் குலைந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் பாறை சுடும். ஆனால் நுங்கும் பதநீரும் கிடைக்கும் காலம் அதுதான். கோடையில்தான் போக முடியும் என்றால் பாறை ஏறுவதையெல்லாம் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள்.

கிழமையை அவசியம் பாருங்கள். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. புதுக்கோட்டை அருங்காட்சியகமும் ராமநாதபுரம் ராமலிங்க விலாசமும் உங்கள் பட்டியலில் இருந்தால், வெள்ளிக்கிழமையைத் தனுஷ்கோடிக்கு வைத்துக்கொள்வது நல்லது. கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணிவாக்கில்தான் திறக்கும். எனவே பன்னிரண்டிலிருந்து நான்கு வரை சாப்பாடு, அருங்காட்சியகம், கார் ஓட்டுவது மூன்றுக்கும் உரிய நேரம்.

ஒரு நாளைக்கு இரண்டு பெரிய நிறுத்தம் போதும்

திட்டம் போட உட்காரும்போது ஆசை பெருகும். வரைபடத்தில் பத்து இடம் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். அதில் எட்டை அடித்துவிடுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. விடியுமுன் கிளம்பும் முதல் நாள் மட்டும் காலையில் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒன்றரை மணி நேரம். இடையில் சாலையோரம் தானாக வந்து சேரும் சின்ன நிறுத்தங்களுக்கு நேரத்தை விட்டுவையுங்கள்.

ஏறவேண்டிய இடம் ஒன்று என்றால் அடுத்தது நிழலில் நிற்கும் இடமாக இருக்கட்டும். பெரியவர்களும் குழந்தைகளும் வண்டியில் இருந்தால் இந்த விதி மிக முக்கியம். தாத்தாவால் பாறை ஏற முடியாது என்றால் கீழே மரத்தடியில் அவர் உட்கார ஒரு பாய் இருக்கவேண்டும், அவரோடு இன்னொருவர் இருக்கவேண்டும். அடுத்த நிறுத்தம் அவருக்குப் பிடித்ததாக இருக்கவேண்டும்.

வண்டியில் ஏற்ற வேண்டியவை

குடிநீர் நிறைய. தொப்பி, குடை. பருத்திக் காலுறை: கோயில் வளாகத்தில் செருப்பைக் கழற்றிய பிறகு சூடான கல்லில் நடக்க இது பெரிய உதவி. குகைக்குள் பார்க்கக் கைவிளக்கு. சில்லறை நோட்டுகள், ஏனென்றால் மலையடிவாரக் கடைகளில் செல்பேசிப் பணப் பரிமாற்றத்தை நம்ப முடியாது. குப்பை போட ஒரு பை. வரைபடத்தை வீட்டிலேயே செல்பேசியில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கிளைச் சாலைகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

கழிப்பறை விஷயத்தில் கூச்சம் வேண்டாம், முன்கூட்டியே திட்டமிடுங்கள். தொல்லியல் இடங்கள் பலவற்றில் வசதி போதாது. பிரதான சாலையை விட்டு விலகும் முன் பெரிய பங்க் அல்லது உணவகத்தில் எல்லாரும் போய்வந்துவிடுவது நல்லது. பெண்கள் இதற்காகத் தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்வதைப் பல குடும்பங்களில் பார்க்கிறேன். அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வது வண்டி ஓட்டுபவரின் பொறுப்பு.

முதல் நாள் காலை: நார்த்தாமலை

திருச்சியிலிருந்து விடியுமுன் கிளம்புங்கள். கீரனூர் தாண்டிச் சிறிது தூரத்தில் நார்த்தாமலைக்குக் கிளைச்சாலை பிரியும். முத்துமாரியம்மன் கோயிலால் ஊர் பெயர் பெற்றது. நீங்கள் போகவேண்டியது ஊருக்கு அப்பால் இருக்கும் மேலமலை. படிக்கட்டு அதிகம் இல்லாத மொட்டைப் பாறைச் சரிவில் நிதானமாக ஏறினால் விஜயாலய சோழீச்சரம் வரும். பெயரில் சோழ அரசன் விஜயாலயன் இருந்தாலும், கட்டியவர் ஒரு முத்தரையர் தலைவர் என்றும், மழையிலும் இடியிலும் பழுதான கோயிலை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்றும் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். தமிழ்நாட்டில் இப்படி அமைந்த கற்கோயில் மிக அரிது. சுற்றிலும் சிறு கோயில்கள்.

எதிரே பாறையில் குடைந்த இரண்டு குகைக் கோயில்கள். பெரியதில் ஏறக்குறைய ஆள் உயரத்தில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் ஒன்றுபோல்தான் என்று முதலில் தோன்றும். மெதுவாக நடந்து பாருங்கள். ஆடையின் மடிப்பும் இடைக்கச்சின் முடிச்சும் உருவத்துக்கு உருவம் எப்படி வருகின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் குழந்தைகளுக்குக்கூட ஆர்வம் வந்துவிடும்.

கீழே கடைகள் குறைவு. இட்லிப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய் மலையில் சாப்பிடுவது என் பரிந்துரை. இலையையும் காகிதத்தையும் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள்.

அதே காலை: சித்தன்னவாசல்

நார்த்தாமலைக்குத் தென்மேற்கே, அன்னவாசல் பக்கம். இங்கே இரண்டு தனித்தனி இடங்கள் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று ஏழடிப்பட்டம்: மலையின் மேல்பக்கம் ஏறி, மறுபுறம் இறங்கினால் வரும் இயற்கைக் குகை. வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட பதினேழு கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணை போன்ற மேடு. மிகப் பழைய படுக்கையின் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்து. சமணத் துறவிகள் கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்திலிருந்தே இங்கே தவமிருந்திருக்கிறார்கள். கைப்பிடிக் கம்பி இருக்கிறது. ஆனாலும் பாதை குறுகல், சரிவு. கிழவர்களையும் சிறு குழந்தைகளையும் இதற்கு அழைத்துப் போகாதீர்கள்.

மற்றொன்று அறிவர் கோயில், ஓவியங்கள் உள்ள குடைவரை. இதற்கு அதிகம் ஏற வேண்டியதில்லை. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்னும் சமண ஆசிரியர் இதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. வெயிலிலிருந்து உள்ளே வந்தவுடன் விதானத்தில் ஒன்றும் தெரியாது. காவலரிடம் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நில்லுங்கள். கண் பழகியதும் பச்சை இலைகள் முதலில் தெரியும், பிறகு தாமரைகள், அவற்றுக்கிடையே மீன்கள், பறவைகள், யானை, எருமை. குளத்தில் இறங்கிப் பூப் பறிக்கும் மனிதர்கள். ஒருவர் தண்டோடு தாமரையைத் தோளில் சாய்த்துப் பிடித்திருக்கிறார். முன்தூண்களில் ஆடல் மகளிர். நிறம் மிகவும் மங்கிவிட்டது. அதனால்தான் நேரம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்கிறேன். இரண்டே நிமிடத்தில் தலையை நீட்டிவிட்டுத் திரும்புபவர்கள் பாசி பிடித்த விதானத்தைத்தான் பார்த்ததாக நினைப்பார்கள்.

உள்ளறையில் காவலர் அனுமதித்தால் மெல்ல முனகிப் பாருங்கள். ஒலி சுவரெங்கும் நிறைந்து திரும்பி வருவதை உடம்பே உணரும்.

இசையில் நாட்டம் உள்ளவர்கள் இங்கிருந்து குடுமியான்மலைக்கும் போகலாம். பாறையில் பெரிய அளவில் வெட்டப்பட்ட ஏழு பண்களுக்கான சுரக் குறிப்பு அங்கே இருக்கிறது. ருத்ராசாரியாரின் சீடரான ஓர் அரசன் செய்வித்தது. அவன் மகேந்திரவர்மப் பல்லவன் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பின்வந்த ஆய்வாளர் பலர் அதை ஏற்கவில்லை. கல்யானையும் குதிரை வீரர்களும் உள்ள மண்டபச் சிற்பங்களும் அருமை. ஆனால் ஒரே காலையில் மூன்றும் தாங்காது. குடுமியான்மலை வேண்டும் என்றால் நார்த்தாமலையை விட்டுவிடுங்கள்.

மதியம் புதுக்கோட்டையில் சாப்பாடு. திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம் மதிய வெயிலுக்கு ஏற்ற இடம். ஒரு மணி நேரம் போதும்.

முதல் நாள் மாலை: திருமயம்

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே 20 கிலோமீட்டர். நான்கு மணிக்குப் போய்ச் சேரும்படி பாருங்கள். சாலையோரத்திலேயே கோட்டை பைரவர் சன்னதி. இந்த வழியில் போகும் ஓட்டுநர்கள் வண்டியை ஓரம் கட்டித் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் நகர்வார்கள். நீங்களும் இறங்குங்கள். அங்கே சீராக நிறுத்த இடம் உண்டு.

கோட்டை 1687-இல் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி கட்டியது. உச்சியில் பீரங்கி, பாதி வழியில் பாறையில் குடைந்த சிவலிங்கச் சன்னதி. மலையடியில் சத்தியகிரீஸ்வரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் ஒரே பாறையில் அடுத்தடுத்துக் குடையப்பட்டிருக்கிறார்கள். பள்ளிகொண்ட பெருமாளைப் பார்க்கக் கண் இடமிருந்து வலமாகப் பயணிக்கவேண்டும், அவ்வளவு நீளம். இரு கோயிலாருக்கும் இடையே மூண்ட வழக்கைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தீர்த்துவைத்த செய்தியும் கல்லில் இருக்கிறது. விடுதலைப் போராட்ட வீரர் தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊரும் இதுதான்.

முதலில் கோட்டை, பிறகு கோயில்கள். கோட்டையை மாலையில் மூடிவிடுவார்கள். கோயில் அதற்குப் பிறகும் திறந்திருக்கும். இரவு கானாடுகாத்தானிலோ காரைக்குடியிலோ தங்குங்கள்.

இரண்டாம் நாள்: கானாடுகாத்தான், ஆத்தங்குடி

கானாடுகாத்தான் தெருக்களில் காலை ஏழு மணிக்கு நடந்து பாருங்கள். நகரத்தார் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீள்கின்றன. பல வீடுகள் பூட்டியே இருக்கும். சிலவற்றில் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வாசலில் நின்றே கடைசிக் கதவு வரை பார்வை போகும். பர்மாத் தேக்குத் தூண்களையும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவரையும் தொட்டுப் பார்க்கத் தோன்றும். வீட்டுக்காரரின் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். இவை இன்றும் குடும்பங்களின் வீடுகள். திருமணமும் அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்திகளும் நடக்கும் இடங்கள்.

பிறகு ஆத்தங்குடி. இதற்கு முழுதாக ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். ஓட்டுப் பட்டறை ஒன்றில் அனுமதி கேட்டு உள்ளே போய் ஓர் ஓடு பிறப்பதை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பாருங்கள். தொழிலாளி ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்து வைக்கிறார். அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ உலோக அச்சு. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சாயம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுகிறார். கண்ணாடியை லேசாக அசைத்துவிட்டு அச்சை நேராக மேலே தூக்குகிறார். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன, கலப்பதில்லை. உலர்ந்த மணல்-சிமென்ட் தூள் ஈரத்தை உறிஞ்ச, மேலே கலவை நிரப்பிக் கரண்டியால் மட்டம் செய்கிறார். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். கண்ணாடி தானே விட்டுவரும். சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை. அந்தப் பளபளப்பு முழுக்கக் கண்ணாடி கொடுத்தது. கையால் ஊற்றுவதால் ஓட்டுக்கு ஓடு சிறு வேறுபாடு இருக்கும். அதுதான் இதன் அழகு. பட்டறையிலேயே இரண்டு ஓடு வாங்கிக்கொள்ளுங்கள், நல்ல நினைவுப்பொருள்.

காரைக்குடியில் மதியச் சாப்பாட்டுக்கு முன் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அரை மணி நேரம் செலவிடலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையைத் தேடுபவர்கள் நெசவாளர் கூட்டுறவுக் கடையில் விசாரிப்பது நல்லது. சாப்பாட்டில் காரக் குழம்பை மட்டும் தேடாதீர்கள். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி இனிப்பு: செட்டிநாட்டின் மென்மையான பக்கம் இவற்றில்தான் இருக்கிறது. பிள்ளையார்பட்டி போகவேண்டும் என்றிருப்பவர்கள் விடிகாலையிலேயே போய்வந்துவிடுங்கள், பிறகு கூட்டம்.

தேவகோட்டைக்குத் தெற்கே: சாலையோர நிறுத்தங்கள்

இங்கிருந்து நிலம் மாறும். பாறை மறைந்து கண்மாயும் பனையும் சீமைக் கருவேலமும் வரும். இந்தப் பகுதியில் குறித்து வைத்த இடம் வேண்டாம். பருவம் என்ன தருகிறதோ அதற்காக நில்லுங்கள். தை மாதம் என்றால் பனங்கிழங்கு. சித்திரை, வைகாசியில் நுங்கு. பதநீர் என்றால் காலையில்தான். கள்ளாகிவிடாமல் இருக்கப் பானையின் உட்புறம் சுண்ணாம்பு பூசி இறக்குவார்கள். வெயில் ஏற ஏறச் சுவை கெடும். பனையோலையைக் குழிவாக மடித்துப் பட்டை கட்டி அதில் ஊற்றித் தருபவரிடம் வாங்குங்கள். ஓலையின் மணமும் சேர்ந்ததுதான் பதநீர். பத்து மணிக்கு மேல் விற்பதை நான் வாங்கமாட்டேன். கருப்பட்டி வாங்கினால் உடைத்துப் பாருங்கள். உள்ளே ஒரே நிறமாக இருக்கவேண்டும், வாயில் லேசாகக் கரிக்கவேண்டும்.

நிறுத்தும் முறையிலும் கவனம் தேவை. நான்கு சக்கரமும் தார்ச்சாலையை விட்டு இறங்கியிருக்கவேண்டும். வளைவுக்குப் பிறகும் பாலத்தின் மேலும் நிறுத்தாதீர்கள். குழந்தைகள் இடப்பக்கக் கதவு வழியாகத்தான் இறங்கவேண்டும். அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல் காயப்போட்டிருப்பார்கள்; மெதுவாக ஒதுங்கிப் போங்கள், அது ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம். இருட்டிய பிறகு ஆளில்லாத இடத்தில் எதற்காகவும் நிறுத்த வேண்டாம். ஓட்டுபவருக்குக் கண் சொக்கினால் மட்டும் வெளிச்சமுள்ள பங்க்கில் ஒதுங்கித் தூங்கிவிட்டுக் கிளம்பவேண்டும்.

ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசம். சேதுபதிகளின் அரச மண்டபம். சுவரும் விதானமும் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்கள்: தஞ்சை மராத்தியரோடு போர், ஐரோப்பியரைச் சந்திக்கும் சேதுபதி, ராமாயணக் காட்சிகள். சித்தன்னவாசலை முந்தின நாள் பார்த்த கண்ணோடு இதைப் பார்ப்பது பெரிய பேறு. ராமேஸ்வரம் போகிறவர்கள் இந்த ஊரைப் பைபாஸில் கடந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம்.

பாம்பன்

சாலைப் பாலம் 1988-இல் திறக்கப்பட்டது. அதன் நடுவில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது ஆபத்து. பின்னால் பஸ்கள் வரும். பாலத்தை மெதுவாகக் கடந்து, பாம்பன் கரையில் ஒதுங்கி, நடந்து வந்து பாருங்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக, அதன் அருகிலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம். 2022 வரை ரயில் ஓடிய பழையது கப்பலுக்கு வழிவிட இரண்டு கைகளாகப் பிளந்து உயர்ந்தது. புதியதில் நடுப்பகுதி முழுவதுமாகச் செங்குத்தாக மேலே எழும்.

இன்னும் வெளிச்சம் இருந்தால் குந்துகாலுக்குத் திரும்புங்கள். 1897 ஜனவரி 26 அன்று மேலைநாட்டுப் பயணம் முடித்து விவேகானந்தர் இந்திய மண்ணில் கால் வைத்த இடம். பாஸ்கர சேதுபதி வரவேற்றார். நினைவு மண்டபமும் மன்னார் வளைகுடாவும் மட்டும்தான், கூட்டமே இருக்காது.

மூன்றாம் நாள்: தனுஷ்கோடி

காலையிலேயே போய்விடுங்கள். மாலையில் காவல்துறை வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடும். நேராக அரிச்சல்முனை வரை போய், திரும்பும் வழியில் இடிபாடுகளுக்கு இறங்குங்கள். வெயிலும் கூட்டமும் ஏறும் முன் முனையைப் பார்த்துவிடலாம். 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயல் ஊரையும் பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது. அதுவரை இங்கே ரயில் இறங்கிக் கப்பல் ஏறித் தலைமன்னார் போனார்கள். தேவாலயத்தின் சுவர்களில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். இது பலர் இறந்த இடம். கடலில் இறங்கவும் வேண்டாம், நீரோட்டம் கடுமையானது. ஜனவரி முதல் மார்ச் வரை ஆழமற்ற நீர்ப்பரப்பில் பூநாரைகளைப் பார்க்கலாம். தூரத்திலிருந்தே பாருங்கள். பவளத் துண்டு யார் விற்றாலும் வாங்காதீர்கள், சட்டப்படி குற்றம். மீன் வறுவல் வேண்டுமானால் கண்முன்னே வறுப்பவரிடம் வாங்கலாம். வழியில் கோதண்டராமர் கோயில். அந்தப் புயலிலும் நின்ற கோயில்.

திரும்பும்போது வேறு சாலை

வந்த வழியே திரும்பாதீர்கள். ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம், தொண்டி, மீமிசல் என்று கடற்கரைச் சாலையில் வந்து ஆவுடையார்கோயிலில் நிறுத்துங்கள். மாணிக்கவாசகர் திருப்பெருந்துறை என்று பாடிய தலம். கருவறையில் லிங்கம் இல்லை, அதன் பீடமான ஆவுடை மட்டும். நந்தியும் கொடிமரமும் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றின் ஆவிதான் நிவேதனம். மண்டபத்தின் கொடுங்கைக்கு, அதாவது வளைந்த கல் இறவாரத்துக்கு, கீழே நின்று அண்ணாந்து பாருங்கள்: மரச்சட்டம், குறுக்குக் கம்பி, ஆணி எல்லாம் கருங்கல்லில். அந்தக் காலத்துச் சிற்பிகள் ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக மற்ற எதையும் செய்து தருகிறோம் என்று எழுதுவார்கள் எனச் சொல்வது வழக்கம்.

தனுஷ்கோடியிலிருந்து பகல் பத்து மணிக்குக் கிளம்பினால், வழியில் சாப்பிட்டுவிட்டு, மாலை நடை திறக்கும் நேரத்துக்கு இங்கே வந்துவிடலாம். கோயிலில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு அறந்தாங்கியில் காப்பி குடித்துக் கிளம்பினால், புதுக்கோட்டை வழியாக இரவுச் சாப்பாட்டு நேரத்தில் திருச்சி.